தீட்டுப் பலகைக்கு எந்த மரம்?

1896 செப்டம்பர் 1ஆம் தேதி காலை ரயிலிலிருந்து நம் ஊரில் இறங்கிய வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன், பெரிய கோயிலுக்குப் போய்விட்டு வெளியே வந்ததும் அய்யங்குளக் கரையில் தலையை முழுக்க மழித்துக்கொண்டார். பின்னாளில் அவர் ரமண மகரிஷி. அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் இந்தச் சம்பவத்தைத் தவறாமல் சொல்கிறார்கள். குளக்கரையில் அப்போது சவரத் தொழிலாளர்கள் பலர் உட்கார்ந்திருந்தார்களாம்.

படிக்கிறவர்களுக்கு அதில் துறவு தெரியும். எனக்கு என்னவோ அந்தக் கத்தியின் மேல்தான் கண் போகிறது. நாள் முழுக்கத் தலைகள் வந்துகொண்டே இருக்கும் ஊர் இது. பிளேடு என்ற பொருளே அப்போது கிடையாது. அமெரிக்காவில் ஜில்லெட் தன் ரேஸருக்குக் காப்புரிமை வாங்கியதே 1904இல்தான். அப்படியானால் அந்தக் கத்தியை எதில் தீட்டினார்கள்?

முதலில் கல். இதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ என்று சொல்கிறார்களே, வைரத்துக்கு அடுத்த கடினமான கல், அந்தப் பெயர் நம் ‘குருந்தம்’ என்ற சொல்லிலிருந்து போனது. நாமக்கல் பக்கத்துச் சித்தம்பூண்டியில் அந்தக் கல் கிடைக்கும். (சந்திரயானுக்காக நிலாவின் மண்ணைப் போலச் செய்து பார்க்க இஸ்ரோ பாறை எடுத்ததும் அதே ஊரில்தான்.) குருந்தத்தைப் பொடித்து, உருக்கிய அரக்கில் குழைத்து வட்டமாக வார்த்தால் சாணைச் சக்கரம். தெருவில் ‘சாணை பிடிக்கறதேய்’ என்று கூவிக்கொண்டு வந்தவர்களின் சக்கரத்துக்கு மூதாதை அதுதான்.

ஆனால் கல்லோடு வேலை முடிவதில்லை. கல் இரும்பை அறுத்துக் கூர் உண்டாக்கும்; அறுக்கும்போதே விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு ஒன்றையும் விட்டுவைக்கும். நகத்தில் தடவினால் சிக்கும். அந்தப் பிசிறோடு கன்னத்தில் கத்தி வைத்தால் ரத்தம்தான். அதை எடுக்கக் கல்லைவிட மெத்தான ஏதாவது வேண்டும். சவரத் தொழிலாளர்கள் தோல்வார் வைத்திருந்தார்கள். தோல்வாரில் நாலு இழுப்பு, பிறகு உள்ளங்கையில் இப்படியும் அப்படியுமாக ரெண்டு இழுப்பு. அறுபது வயது தாண்டிய எல்லோருக்கும் அந்தச் சத்தம் நினைவிருக்கும். உள்ளங்கை அறுபடாமல் அவர்கள் இழுத்த லாகவத்தை வாய் பிளந்து பார்த்தவன் நான்.

தோலுக்குப் பதில் மரம் வைத்திருந்தவர்கள் மரமேறிகள். பாளை சீவும் கத்தி சவரக் கத்தியைவிடக் கூராக இருக்க வேண்டும் என்றால் நம்புவீர்களா? பனம்பாளையின் நுனியைக் காலையும் மாலையும் வெற்றிலைத் தடிமன்கூட இல்லாமல் சீவ வேண்டும். கத்தி மழுங்கியிருந்தால் பாளை நசுங்கும். நசுங்கினால் சொட்டு அடைத்துக்கொள்ளும், அன்றைக்குக் கூலி இல்லை. அதனால் மரமேறி கல்லோடு ஒரு பலகையும் வைத்திருப்பார். அதன் மேல் வெங்கச்சங்கல்லை மாவாக இடித்துத் தூவி, கத்தியைத் தேய்ப்பார். நம் பக்கத்துக் கொல்லைகளில் ஏர் ஓட்டும்போது வெள்ளை வெள்ளையாகப் பெயர்ந்து வருமே, அதே கல்தான்.

சின்ன வயதில் என் தாத்தா ஊரில் ஒரு பெரியவரிடம், “ஏன் தாத்தா, நல்ல கெட்டி மரமா வச்சுக்கக் கூடாதா?” என்று கேட்டேன். “கெட்டி மரம்னா கல்லைத் துப்பிடும் தம்பி. மெத்தான மரந்தான் முழுங்கி வச்சிக்கும்” என்றார்.

இதைவிட நன்றாக எந்தப் புத்தகமும் விளக்கியதாக எனக்குத் தெரியவில்லை. புளி, கருவேலம் மாதிரி மரத்தில் பொடியைத் தூவினால் அது மேலேயே உருளும். உருளும் துகள் விளிம்பைக் கொத்தும். மெத்தான மரத்தில் ஒவ்வொரு துகளும் பாதி புதைந்து, நுனி மட்டும் வெளியே நிற்கும். பெரிய துகள் ஆழமாகப் புதையும், சின்னது மேலாக நிற்கும். ஆகவே எல்லாம் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். இரும்பைத் தேய்ப்பது கல்தான். அந்தக் கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் மரத்தின் வேலை.

அப்படியானால் எந்த மரம்? நம் பக்கத்தில் மெத்தான மரத்துக்குப் பஞ்சமில்லை. கல்யாண முருங்கை எடை குறைந்தது, சுலபமாக வளர்வது, கிளையை வெட்டி நட்டாலே பிடிக்கும். பெருமரம் என்று ஒன்று. நாற்றத்தால் அதற்கு வேறொரு பெயரும் உண்டு, இங்கே எழுத வேண்டாம். சிவகாசித் தீக்குச்சிக்குப் போவது அது. வெட்பாலை வெள்ளை வெளேரென்று, இழை நெருங்கி, வழவழப்பாக இருக்கும். கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்து மரப் பொம்மைகள் அதில்தான் கடையப்படுகின்றன. ஏழிலைப்பாலையும் இந்தக் கூட்டம்தான். அந்த மரத்தில் பிள்ளைகளுக்கு எழுதுபலகை செய்தார்கள் என்பதால் தாவரவியலில் அதன் பெயரிலேயே ‘ஸ்காலரிஸ்’ என்று பள்ளிக்கூடத்தைச் சேர்த்துவிட்டார்கள்.

என்னைக் கேட்டால் வெட்பாலைக்குத்தான் முதல் இடம். மெத்தாகவும் இருக்க வேண்டும், இழையும் நெருங்கியிருக்க வேண்டும். இலவ மரம் மெத்துதான், ஆனால் இழை முரடு. சாதாரண முருங்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பருத்தால் தூணாகுமா என்று பழமொழியே இருக்கிறது, பலகைக்கும் ஆகாது. தேக்கு விலை உயர்ந்ததாயிற்றே என்று பார்க்காதீர்கள். தேக்குக்குள்ளேயே மணல் சத்து உண்டு. தச்சரைக் கேட்டால் உளி எவ்வளவு சீக்கிரம் மழுங்குகிறது என்று சொல்வார். நம் கோயிலின் தல விருட்சம் மகிழம். அதில் கை வைக்க யாருக்கும் மனம் வராது என்பது ஒரு பக்கம். வந்தாலும் அது கெட்டி மரம்.

எந்த மரமானாலும் கணு இருக்கக் கூடாது, பிசின் வடியக் கூடாது, நிழலில் காய்ந்திருக்க வேண்டும். தீட்டும்போது கத்தியின் முதுகு முன்னால் போக, வாய் பின்னால் இழுபட வேண்டும். வாயை முன்னால் தள்ளினால் கத்தி பலகையைச் செதுக்கிவிடும்.

இப்போது உலகம் முழுக்கக் கத்திப் பிரியர்கள் இதற்கு ‘பால்சா’ மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். ஈக்வடாரிலிருந்து வருவது, கன மீட்டருக்கு 160 கிலோ அளவுதான் எடை. ‘பால்சா’ என்றால் ஸ்பானிய மொழியில் தெப்பம். அந்த நாட்டுக்காரர்கள் அதில் தெப்பம் கட்டினார்கள். நம் கரையோரத்தில் கட்டுமரம் கட்டியதும் கல்யாண முருங்கை, தணக்கு, மலைவேம்பு மாதிரி லேசான மரங்களில்தான். நீரில் மிதப்பதும் கல்பொடியை விழுங்குவதும் ஒரே குணத்தால்தான். மரத்துக்குள்ளே காற்று அதிகம்.

இத்தனை தெரிந்திருந்த ஊரில் தீட்டுப் பலகை எங்கே போயிற்று? பலகை தோற்றுப் போகவில்லை. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1939இல் அது நம் வட ஆர்க்காடு மாவட்டத்துக்கு வந்தது. பிறகு மாகாணம் முழுக்க. 1971இல் கலைஞர் ஆட்சியில் தளர்ந்தது, 1974இல் மறுபடி வந்தது, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் தளர்ந்தது. ஒவ்வொரு முறை மூடியபோதும் மரமேறி கூலிக்குப் போனார். திறந்தபோது கொஞ்சம் பேர்தான் திரும்பி ஏறினார்கள். 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. அது இன்றுவரை நீடிக்கிறது. குடியால் அழிந்த குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன், அதனால் சட்டத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் கள்ளை மூடிவிட்டுப் பாட்டிலைத் திறந்து வைத்த கணக்கு மட்டும் எனக்கு இன்னும் புரியவில்லை.

கிட்டத்தட்ட அதே சமயத்தில்தான் தோல்வாருக்கும் காலம் முடிந்தது. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தார்கள். அந்த ரத்த மாதிரிகள் சோதிக்கப்பட்டது பக்கத்திலேயே, வேலூர் சி.எம்.சி.யில். பயம் ஊர் ஊராகப் பரவியது. ‘புது பிளேடு போடுப்பா’ என்ற பேச்சு சலூன்களில் அதன் பிறகுதான் கேட்க ஆரம்பித்தது. ஆளுக்கொரு பாதி பிளேடு, வேலை முடிந்ததும் தூக்கி எறி. தீட்டுவதற்கு எதுவுமே மிஞ்சவில்லை.

2021இல் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்து, அந்தத் தொழிலாளர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் தர ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். இன்று அவர்கள் கையில் இருப்பதும் பிளேடு செருகிய கத்திதான்.

வீட்டில் அரிவாள்மனை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். கொல்லையில் கல்யாண முருங்கை இருந்தால், அடுத்த முறை கிளை கழிக்கும்போது கணு இல்லாத ஒரு முழத் துண்டை எடுத்து நிழலில் போட்டு வையுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஒரு பக்கத்தைச் சீவி மட்டமாக்கி, வெங்கச்சங்கல்லை இடித்துப் பழைய வேட்டித் துணியில் சலித்துத் தூவலாம். இடிக்கும்போது மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.