காவலூரில் வாக்ஸ் முதல் லினக்ஸ் வரை: ஒரு வானியல் மென்பொருள் இயங்குதளங்களைக் கடந்த வரலாறு

புதிய கணினி வாங்கியதும் பழைய மென்பொருள் ஓட மறுப்பது வீட்டிலும் அலுவலகத்திலும் அன்றாடத் தலைவலி. பெரும்பாலும் வேறொன்றை நிறுவிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வானியலாளர்களுக்கு அது அத்தனை எளிதில்லை. நேற்று எடுத்த நிறமாலையை முப்பது ஆண்டுக்கு முந்தையதோடு வைத்துப் பார்ப்பது அவர்கள் தொழிலின் பெரும்பகுதி. இரண்டையும் ஒரே முறையில் அளக்காவிட்டால் விண்மீன் மாறியதா, மென்பொருள் மாறியதா என்று பிரித்தறிய முடியாது. ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலை மேல் ஏறினால் வரும் காவலூர் வானாய்வகம் இதைப் படிக்க நல்ல இடம். அங்கு எடுக்கப்பட்ட தரவுகளின் வரலாறும் ஐராஃப் என்ற மென்பொருளின் வரலாறும் பல ஆண்டுகள் ஒன்றாகவே நடந்திருக்கின்றன.

கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த இடத்தை 1960களில் தேர்ந்தெடுத்தவர் வானியலாளர் வைணு பாப்பு. சைஸ் (Zeiss) நிறுவனத்தின் 102 செ.மீ. தொலைநோக்கி 1972இல் நிறுவப்பட்டது. யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்ட 1977 மார்ச் நிகழ்வை அதன் வழியாகவும் பதிவு செய்தார்கள். பாப்பு 1982இல் மறைந்தார். அவர் திட்டமிட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். வானாய்வகமும் தொலைநோக்கியும் பாப்புவின் பெயரைப் பெற்றன.

கணினி வரலாறு சூடுபிடிப்பதும் அந்த ஆண்டுகளில்தான். 1987 பிப்ரவரி 24 அன்று பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு மீயொளிர் விண்மீன் வெடித்தது கண்டுபிடிக்கப்பட்டது. காவலூரின் அட்சரேகை வடக்கே பன்னிரண்டரை பாகை என்பதால் அது தென் தொடுவானத்துக்கு மேல் எட்டு பாகை அளவுக்கே எழும். அந்த எட்டு பாகைக்குள் நிறமாலைகளை எடுத்து அதே ஆண்டில் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அக்காலத்தில் காவலூரில் இருந்த கணினி வாக்ஸ் 11/780. நிறமாலைகளைச் செப்பனிட டி.பி. பிரபு, ஜி.சி. அனுபமா முதலியோர் ரெஸ்பெக்ட் என்ற மென்பொருளை இங்கேயே எழுதினார்கள். காவலூர்த் தரவைக் கொண்டு எழுதப்பட்ட அந்தக் காலக் கட்டுரைகளில் இப்பெயர் அடிக்கடி தென்படும். 1990களின் கட்டுரைகளைப் புரட்டிக்கொண்டே வந்தால் அந்த இடத்தை ஐராஃப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கலாம்.

உள்ளூரில், உள்ளூர்க் கருவிக்கென்றே எழுதியது ஒதுங்கி, அமெரிக்காவில் எழுதியது நிலைத்தது ஏன்? தரம் அல்ல, கணினிகள் மாறியதே காரணம் என்று நினைக்கிறேன். வாக்ஸ் கணினி பின்ன எண்களை நினைவகத்தில் வைக்கும் முறை வேறு. பின்னர் உலகம் ஏற்றுக்கொண்ட ஐஇஇஇ முறை வேறு. வாக்ஸில் அப்படியே சேமித்த கோப்பைச் சன் கணினியில் திறந்தால் குப்பை எண்கள்தான் வரும். தரவு தப்பித்ததற்கு ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவம் காரணம். 1980களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட அதில் தலைப்புப் பகுதி 80 எழுத்து வரிகளாக, வரிக்கு ஒரு செய்தியாக இருக்கும். அத்தகைய 36 வரிகள் சேர்ந்தது 2,880 பைட் கொண்ட ஒரு கட்டம். எந்தக் கணினியிலும் வெறும் எழுத்தாகவே படித்துவிடலாம். முதலில் அதில் தேதியை 24/02/87 என்று இரட்டை இலக்க ஆண்டோடு எழுதினார்கள். 2000ஐ எண்ணி வடிவத்தை மாற்றியபோதும் பழைய கோப்புகள் எதையும் செல்லாதவை ஆக்கவில்லை. சாய்கோடு இருந்தால் அது இருபதாம் நூற்றாண்டு என்று விதி செய்துகொண்டார்கள்.

தரவுக்கு ஃபிட்ஸ் செய்ததை நிரலுக்குச் செய்ய முயன்றது ஐராஃப். அரிசோனாவின் கிட் பீக் தேசிய வானாய்வகத்தில் 1981இல் தொடங்கிய திட்டம் அது. அதன் கட்டமைப்பை வகுத்தவர் டக் டோடி. வானியல் நிரல்கள் எதுவும் இயங்குதளத்தோடு நேரடியாகப் பேசக் கூடாது என்பது அவருடைய விதி. நடுவே ஒரு மெய்நிகர் இயங்குதளம் இருக்கும். நிரல்களை எஸ்பிபி என்ற தனி மொழியில் எழுத வேண்டும்; அது ஃபோர்ட்ரானாக மாற்றப்பட்டுக் கம்பைல் ஆகும். கோப்பைத் திற, நினைவகம் கொடு, நேரம் சொல் என்று உண்மையான இயங்குதளத்திடம் கேட்கும் வேலை முழுவதும் சி மொழியில் எழுதிய சிறு தொகுப்பில் அடங்கும். அதிலுள்ள செயற்கூறுகளின் பெயர்கள் இசட் எழுத்தில் தொடங்கும். புதிய கணினி வந்தால் அந்தத் தொகுப்பை மட்டும் திருத்தி எழுதினால் போதும். மேலே இருக்கும் பல லட்சம் வரிகளைத் தொட வேண்டாம். வாக்ஸ், சன், லினக்ஸ், மேக் என்று மாறி மாறி வந்தபோது இந்தக் கணக்கு பெரும்பாலும் பலித்தது.

பலிக்காத இடம் ஒன்று உண்டு. இந்த வரலாற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது அதைத்தான். எஸ்பிபியில் நினைவக முகவரியைத் தனி வகையாக வைக்கவில்லை. அதுவும் ஒரு முழு எண்தான். 32 பிட் காலத்தில் முழு எண்ணும் நான்கு பைட், முகவரியும் நான்கு பைட், பின்ன எண்ணும் நான்கு பைட். மூன்றையும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்து வைத்து எப்படி வேண்டுமானாலும் எடுக்கலாம். நிரலர்கள் அப்படியே எழுதிப் பழகினார்கள். 64 பிட் கணினியில் முகவரி எட்டு பைட் ஆனது. அதை ஏந்த வேண்டிய முழு எண்ணையும் எட்டு பைட் ஆக்கினார்கள். பின்ன எண் நான்கிலேயே நின்றது. அட்டவணையின் பத்தாவது இடம் என்பது முழு எண்ணுக்கு ஓரிடத்தையும் பின்ன எண்ணுக்கு வேறோர் இடத்தையும் காட்டத் தொடங்கியது. சில சமயம் நிரல் விழுந்துவிடும், அது பரவாயில்லை. விழாமல் தவறான எண்ணைச் சத்தமின்றித் தருவதுதான் ஆபத்து. இந்த மாற்றம் 2010 வாக்கில் வந்த 2.15 பதிப்பில் நடந்தது. இயங்குதளத்தின் எல்லையில் அத்தனை காவல் போட்டவர்கள், உள்ளே மொழியிலேயே புகுந்திருந்த அனுமானத்தைக் கவனிக்கவில்லை. 1981இல் வாக்ஸின் முன் அமர்ந்திருந்தவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

2013இல் வந்த 2.16.1 பதிப்போடு ஐராஃபை அதை உருவாக்கிய நிறுவனமே கைவிட்டுவிட்டது. அடி பின்னால் வந்தது. ஆப்பிள் 2019இல் வெளியிட்ட கேட்டலினா 32 பிட் நிரல்களை அறவே நிறுத்தியது. ஐராஃபைப் பைத்தான் வழியாக இயக்கும் பைராஃப் சார்ந்திருந்த பைத்தான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்தது. ஜெமினி தொலைநோக்கிகளின் ஐராஃப் நிரல்கள் 32 பிட்டையே நம்பியிருந்தன. புதிய கணினிக்குள் ஒரு மெய்நிகர்க் கணினி அமைத்து அதில் பழைய லினக்ஸை ஏற்றுவது, 64 பிட் லினக்ஸில் 32 பிட் நூலகங்களைக் கூடுதலாக நிறுவுவது, எல்லாவற்றையும் ஒரு டாக்கர் பெட்டிக்குள் அடைப்பது என்று பல உபாயங்கள் புழங்கின. அவசரத்துக்கு இவை உதவும். ஆனால் உள்ளே ஓடும் பழைய லினக்ஸைப் புதுப்பிக்க யாரும் இல்லை. மெய்நிகர் மென்பொருளோ ஆண்டுதோறும் மாறுகிறது. சிக்கலை ஐந்தாண்டு தள்ளிப்போடுவது என்பதற்கு மேல் இதைச் சொல்ல முடியாது.

நிரந்தர வழி மூலநிரல் கையில் இருந்ததால் வந்தது. 2017 முதல் தன்னார்வலர்கள் அதைப் பொதுவில் வைத்துத் திருத்தத் தொடங்கினார்கள். டெபியன் லினக்ஸோடு தொடர்புடைய ஓலே ஸ்ட்ரைஷர் அவர்களில் முதன்மையானவர். பாதி வேலை கணினி சார்ந்ததே அல்ல. நியூமரிக்கல் ரெசிபீஸ் என்ற புகழ்பெற்ற நூலின் நிரல்துண்டுகள் ஐராஃபுக்குள் கலந்திருந்தன. அவற்றின் உரிமம் பிறர்க்கு வழங்க இடம் தராது. அவற்றைப் பொறுக்கி எடுத்து வேறு நிரல் எழுதிய பிறகே டெபியன் ஏற்கும் நிலை வந்தது. 2.17 பதிப்பு 2022இல் வெளிவந்தது. கைவிட்ட நிறுவனத்தின் வழிவந்த நாய்ர்லேபும் ஜெமினி நிரல்களை 64 பிட்டுக்கு மாற்றும் பொருட்டு இந்தப் பணியில் சேர்ந்துகொண்டது, 2024இல் 2.18 வந்தது.

இன்று லினக்ஸ் மடிக்கணினியில் ஒரு கட்டளை கொடுத்தால் ஐராஃப் வந்து உட்கார்ந்துவிடும். எம்கேஐராஃப் என்று தட்டினால் எந்த முனையம் என்று கேட்கிறது. அறைக்கு ஒரு கணினியும் மேசைக்கு ஒரு முனையமும் இருந்த காலத்தின் கேள்வி. வழக்கமான பதில் எக்ஸ்ஜிடெர்ம்; டெக்ட்ரானிக்ஸ் வரைகலை முனையம் போல் நடிக்கும் ஒரு சாளரம் அது. ஐராஃபின் ஸ்ப்ளாட் நிரலில் நிறமாலையை வரவழைத்து, ஒரு கோட்டின் இருபுறமும் அம்பை வைத்து ஈ விசையை இருமுறை அழுத்தினால் கோட்டின் வலிமை எண்ணாக வரும். 1990களில் காவலூர்த் தரவை அளந்தவர் அழுத்திய அதே விசை.

ஆஸ்ட்ரோபை போன்ற பைத்தான் கருவிகள் வந்துவிட்டனவே, பழையதைக் கட்டி அழுவானேன் என்று இளம் ஆய்வாளர்கள் கேட்பது நியாயம்தான். புதிய தரவுக்குப் புதிய கருவியே சரி. பழைய அளவீட்டைச் சரிபார்க்கும்போது நிலைமை வேறு. பின்னணி ஒளியை எந்தப் பல்லுறுப்புக் கோவையால் கழித்தார்கள், எந்தப் புள்ளிகளை விலக்கினார்கள் என்பதைக் கட்டுரைகள் விரிவாகச் சொல்வதில்லை. ஐராஃபின் வழக்கமான முறைப்படி என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அந்த வழக்கமான முறை எது என்பதற்கு மென்பொருளின் இயல்பு மதிப்புகளைத் தவிர வேறு ஆவணம் இல்லை. எனவே 2.34 மீட்டர் தொலைநோக்கியின் பழைய ஃபிட்ஸ் கோப்புகளைக் காப்பதற்கு ஒதுக்கும் அக்கறையில் ஒரு பங்கை, அவற்றைச் செப்பனிட்ட மென்பொருளின் குறிப்பிட்ட பதிப்புக்கும் அளவுருக் கோப்புகளுக்கும் ஒதுக்கியாக வேண்டும். ரெஸ்பெக்ட் போன்ற உள்ளூர் நிரல்களின் மூலநிரலுக்கும் இது பொருந்தும்.