தீயில் ஆலை அழிந்தும் கைமாறாத நிறுவனம்: கென்டகி ‘ஹெவன் ஹில்’ வரலாறு

போர்பன் விஸ்கி மீதான இறக்குமதி வரியை 2025 பிப்ரவரியில் 150 சதவீதத்தில் இருந்து 100 சதவீதமாக மத்திய அரசு குறைத்ததையடுத்து, இந்த அமெரிக்க மதுவின் பெயர் இந்தியாவிலும் பரவலாகப் பேசப்பட்டது. அதன் தாயகமான கென்டகி மாநிலத்தில் புகழ்பெற்ற பல ஆலைகள் இன்று அந்நிய நிறுவனங்களின் வசம் உள்ளன. ‘ஜிம் பீம்’ ஜப்பானின் சன்டோரியிடமும், ‘வைல்டு டர்க்கி’ இத்தாலியின் கம்பாரியிடமும் இருக்கின்றன. பார்ட்ஸ்டவுன் நகரைச் சேர்ந்த ஹெவன் ஹில் நிறுவனமோ 1935-ஆம் ஆண்டு முதல் ஷபிரா குடும்பத்திடமே இருந்து வருகிறது.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் நீக்கப்பட்ட பின்னர், சில்லறை வணிகம் செய்து வந்த ஷபிரா சகோதரர்கள் ஐவர் இத்தொழிலில் முதலீடு செய்தனர். விஸ்கி வடிப்பதில் அவர்களுக்கு அனுபவம் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தது மற்றொரு குடும்பம். ஜிம் பீமின் உறவினர்களான ஏர்ல் பீம், அவரது மகன் பார்க்கர், பேரன் கிரெய்க் ஆகியோர் அடுத்தடுத்து ஆலையின் தலைமை வடிப்பாளர்களாகப் பொறுப்பு வகித்தனர். உரிமை ஒரு குடும்பத்திடமும், தொழில்நுட்பம் வேறொரு குடும்பத்திடமும் இருந்தது என்பதே இந்நிறுவனத்தின் தனித்தன்மை.

அமெரிக்கச் சட்டப்படி, போர்பன் தயாரிக்கும் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கப்பட்ட புதிய ஓக் கலன்களிலேயே அதைச் சேமிக்க வேண்டும். இன்று வடிக்கப்படும் மது விற்பனைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகலாம். எனவே, கிடங்கில் உள்ள பீப்பாய்களே இத்தொழிலின் உண்மையான மூலதனம்.

அந்த மூலதனத்தின் ஒரு பகுதி 1996 நவம்பர் 7-ஆம் தேதி ஒரே நாளில் எரிந்து போனது. பலத்த காற்றில் பரவிய தீ, 7 கிடங்குகளையும் அவற்றில் இருந்த 90,000-க்கும் மேற்பட்ட பீப்பாய்களையும் அழித்தது. எரியும் விஸ்கி சரிவில் ஆறாக ஓடி, வடிப்பு ஆலையையும் சாம்பலாக்கியது. உயிரிழப்பு ஏற்படவில்லை. எஞ்சிய கிடங்குகளில் இருந்த கையிருப்பு விற்பனைக்குக் கைகொடுத்தது. ஆனால், புதிதாக வடிக்க ஆலை இல்லை. போட்டி நிறுவனங்களான ஜிம் பீமும் பிரவுன்-ஃபோர்மேனும் தங்கள் ஆலைகளில் வடித்துக் கொடுத்து உதவின. சந்தையில் மோதிக்கொள்ளும் நிறுவனங்களிடையே இத்தகைய உதவி அரிது.

நிறுவனத்தை விற்றுவிட்டு விலகுவதற்குப் பதிலாக, லூயிவில் நகரில் இருந்த பெர்ன்ஹைம் ஆலையை ஷபிரா குடும்பம் 1999-இல் விலைக்கு வாங்கியது. ‘எவன் வில்லியம்ஸ்’, ‘எலைஜா கிரெய்க்’ ஆகிய விஸ்கிகள் அங்கு வடிக்கப்பட்டன. பார்ட்ஸ்டவுன் கிடங்குகளில் முதிர்ச்சியடைந்தன.

நீண்ட இடைவெளிக்குப் பின்னர், பார்ட்ஸ்டவுனில் மீண்டும் ஒரு பெரிய ஆலையை அமைக்க 2022-இல் பணிகள் தொடங்கப்பட்டன. அதற்கு ‘ஹெவன் ஹில் ஸ்பிரிங்ஸ்’ எனப் பெயரிடப்பட்டது.