ராஜபாளையம் நாய் கோழி காக்குமா?

போன மாதம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். சாத்தூர் பக்கம் ரெண்டு ஏக்கர் கரிசல் காட்டில் கம்பிவேலி போட்டு நாட்டுக்கோழி விட்டிருக்கிறார். நாற்பது உருப்படி இருந்தது, இருபத்திரெண்டு ஆகிப் போச்சாம். பகலில் கீரி, ராத்திரி வெருகு, குஞ்சுகளுக்குப் பருந்து. சுற்றிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் கீரிக்கு வேறென்ன வேணும்! "உலகப் பேர் வாங்குன நாய் நம்ம மாவட்டத்துலயே இருக்கு. ஒரு ராஜபாளையம் குட்டிய வாங்கி விட்டாப் போதும்ல?" என்றார்.

போதாதுண்ணே என்றேன். ஏன் என்று போனில் சொல்லி மாளவில்லை. அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது அப்பா ஒரு வெள்ளைக் குட்டி வாங்கி வந்தார். இளஞ்சிவப்பு மூக்கு, நீண்ட கால், அசல் ஜாதி என்று சொல்லித்தான் விற்றார்கள். பத்து மாதம் வரை சமர்த்தாக இருந்தது. ஒருநாள் மத்தியானம் எல்லாரும் கண்ணசந்த நேரத்தில் ஏழு கோழிகளைக் கொன்று, திண்ணை முன்னால் கொண்டுவந்து போட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஒன்றைக்கூடத் தின்னவில்லை. அப்பா கம்பை எடுத்தார். அப்பத்தாதான் தடுத்தது. "அத ஏன்யா அடிக்க? அது பாட்டன் பூட்டன் பாத்த வேலையத்தான அது பாத்திருக்கு."

அந்தப் பாட்டன் பூட்டன் பார்த்த வேலை என்ன என்பதுதான் இங்கே விஷயம்.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் சேத்தூர், சிவகிரி, கொல்லங்கொண்டான், கிழக்கே ஏழாயிரம்பண்ணை என்று பாளையங்கள் நெருங்கிக் கிடந்த வட்டாரம் இது. பாளையக்காரர்களுக்கு வேட்டை பொழுதுபோக்கு மட்டும் இல்லை, அந்தஸ்து. மலையிலிருந்து இறங்கும் காட்டுப்பன்றியை மடக்கப் பெரிய உடம்பும் பலமான தாடையும் உள்ள நாய் வேண்டும். ஆங்கிலேயர் காலத்து நாய்ப் புத்தகங்களில் தென்னிந்திய வேட்டைநாயை 'பாளையக்காரர் நாய்' என்ற பெயரிலேயே குறித்தார்கள். ராஜபாளையம் நாயை விஜயநகர காலத்தில் ஆந்திரப் பகுதியிலிருந்து வந்த ராஜுக்களோடு சேர்த்துச் சொல்வது வழிவழிச் செய்தி. பாளையக்காரர் போரில் இந்த நாய்கள் கும்பினிக் குதிரைகளைச் சிதறடித்தன என்பதைக் கதையாகவே வைத்துக்கொள்வோம், கேட்க நன்றாக இருக்கிறது.

கரிசல் பக்கம் வந்தால் சிப்பிப்பாறை. வெம்பக்கோட்டை வட்டாரத்து ஊர். திறந்த புன்செய்க் காட்டில் முயலை ஓடிப் பிடிக்கும் ஒல்லி உடம்பு, குழி விழுந்த வயிறு. கன்னியும் இதே வார்ப்புதான். இந்த நாய்களின் கண்ணும் காலும் ஒரே ஒரு விஷயத்துக்காகத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை. முன்னால் ஏதாவது சின்ன உருவம் வெடுக்கென்று ஓடினால் துரத்து, பிடி. படபடவென்று ஓடும் கோழி அதற்குச் சிறகு வைத்த முயல், அவ்வளவுதான்.

அப்புறம் ரெண்டு சட்டங்கள் வந்தன. 1948-ல் சென்னை மாகாண எஸ்டேட் ஒழிப்புச் சட்டம், ஜமீன்கள் போயின. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், வேட்டை குற்றமானது. நாயின் தொழில் போய்விட்டது, நாய் மட்டும் மிஞ்சியது. அதற்குப் பிறகுதான் வேட்டைநாய் முழுக்கக் 'காவல்நாய்' ஆனது. தோட்டத்து வீடு, மில், பங்களா வாசல் என்று வேலை மாறியது. வாசலில் நின்று அந்நியரை மிரட்ட ராஜபாளையம் நல்ல நாய்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மனுசனிடமிருந்து வீட்டைக் காப்பது ஒரு வேலை, கீரியிடமிருந்து கோழியைக் காப்பது வேறு வேலை. விற்கிறவர்கள் ரெண்டையும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள்.

புகழும் சேர்ந்துகொண்டது. 2005 ஜனவரியில் தபால்துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ஒன்று ராஜபாளையம். 2020-ல் தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் முதன்முதலாக நாய் இனங்களைப் பதிவுசெய்தபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோல் மூன்றும் இடம்பெற்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் இந்தப் பெயர்களைச் சொன்னார். அதே 2020 மார்ச்சில் சிப்பிப்பாறை வேறொரு காரணத்துக்காகச் செய்தியில் வந்திருந்தது: பட்டாசு ஆலை வெடிவிபத்து. அதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை.

வெடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளை நிறத்தையும் இளஞ்சிவப்பு மூக்கையும் மட்டுமே பார்த்துப் பார்த்து இனம் பெருக்கினால், கூடவே பிறவிச் செவிடும் வரும். உட்காதில் நிறமி செல்கள் இல்லாமல் போவதால் வரும் கோளாறு இது. அமெரிக்காவில் டால்மேஷன் நாய்களைச் சோதித்ததில் சுமார் 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரு காதோ கேட்கவில்லை. ராஜபாளையத்திலும் இந்தத் தொல்லை உண்டு. எங்கள் பக்கம் குட்டி பார்க்கப் போனால், "பாருங்க, வெடிச் சத்தத்துக்கே அசையல, அம்புட்டுத் தைரியம்" என்பார்கள். ஐயா, அது தைரியமா செவிடா என்று முதலில் பாருங்கள். குட்டி தூங்கும்போது, அதன் கண்ணில் படாமல், தரையும் அதிராமல், பின்னால் நின்று ஒரு தட்டைத் தட்டிப் பார்த்தால் ஓரளவு தெரியும். பருந்தைக் கண்டு தாய்க்கோழி எழுப்பும் குரல் காதில் விழாத நாய் எதைக் காக்கும்?

சரி, கோழி காக்கும் நாய் உலகத்தில் உண்டா என்றால் உண்டு. ஆஸ்திரேலியாவில் வார்னம்பூல் அருகே மிடில் ஐலண்ட் என்றொரு குட்டித்தீவு. நீர் வற்றும்போது நரிகள் நடந்தே போய்ப் பெங்குவின்களைத் தின்றன. 800 வாக்கில் இருந்தவை 2005-ல் பத்துக்கும் கீழே. அங்கே ஸ்வாம்பி மார்ஷ் என்ற கோழிப்பண்ணைக்காரர் தன் மேய்ச்சல் கோழிகளுக்கு இத்தாலிய மரெம்மா நாய்களைக் காவல் வைத்திருந்தார். அந்த நாய்களைத் தீவுக்கு விடலாமே என்றார். 2006-ல் விட்டார்கள். பெங்குவின் கூட்டம் பெருகியது. 2015-ல் இதைச் சினிமாவாகவே எடுத்தார்கள்.

மரெம்மா ஆட்டு மந்தை நாய். அதன் ரகசியத்தை அமெரிக்காவில் ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் 1970-களின் பிற்பகுதியிலிருந்து ஆராய்ந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை விவசாயிகளிடம் கொடுத்துப் பார்த்தார்கள். துரத்துவது, கவ்வுவது, கொல்வது என்ற வேட்டைச் சங்கிலி மந்தை நாய்களில் மங்கிப் போயிருக்கிறது. அதோடு, பிறந்த முதல் 16 வாரத்துக்குள் எந்த உயிரோடு பழகுகிறதோ அதைத் தன் கூட்டமாக எடுத்துக்கொள்கிறது.

நம்மிடம் இந்த வகை இல்லையா என்ன? கிடை போடும் கீதாரிகளைப் போய்ப் பாருங்கள். வேம்பூர் ஆட்டு மந்தைக்குப் பக்கத்தில் பழுப்போ கறுப்போ ஒரு நாய் படுத்திருக்கும். பேரில்லை, தபால்தலை இல்லை. ஆட்டுக்குட்டி மேலே ஏறி மிதித்தாலும் அசையாது. நரி ஊளை கேட்டால் எழுந்து நிற்கும். மந்தைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது. துரத்திக் கடித்ததை எந்தக் கீதாரியும் வைத்துக்கொண்டதில்லை, மிஞ்சியது இதுதான். அதுவும் ஒரு இனப்பெருக்கம்தானே, பதிவேடு இல்லாமல் நடந்தது.

நண்பரிடம் கடைசியில் சொன்னது இதைத்தான். மரெம்மா வேண்டாம், அந்த ரோமத்தோடு கத்திரி வெயிலில் செத்துப்போகும். கிடைக்காரர் வீட்டிலோ, கோழி திரியும் வீட்டிலோ போட்ட குட்டியாகப் பார்க்கவும். தாயைப் பாருங்கள், குட்டியை அப்புறம் பார்க்கலாம். கோழி தாயின் தட்டில் வந்து கொத்தும்போது தாய் என்ன செய்கிறது என்று அரை நாள் உட்கார்ந்து கவனியுங்கள். எட்டு வாரத்தில் எடுத்து, பஞ்சாரத்துக்குப் பக்கத்திலேயே கட்டி வளர்க்கவும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வருசம் வரைதான் கண்டம். விளையாட்டாகத் துரத்தும், விளையாட்டிலேயே கோழி செத்துப்போகும். அந்தக் காலம் தனியே விடக்கூடாது. செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடும் வைத்தியம் எங்கள் ஊரில் உண்டு. நாய் நாறியதுதான் மிச்சம்.

நாய் இருந்தாலும் பொழுது சாயும்போது கூட்டை அடைத்துத்தான் ஆக வேண்டும். பருந்துக்கு நாய் குரைக்க முடியும், பறக்க முடியாது. வார்னம்பூலிலேயே 2017-ல், கடல் சீற்றத்தால் நாய்களைத் தீவுக்குக் கொண்டுபோக முடியாத நாட்களில், நரிகள் புகுந்து பெங்குவின்களைக் கொன்றன.

எங்கள் வெள்ளை நாயைப் பிறகு ஒரு மில் காவலுக்குக் கொடுத்தோம். பத்து வருசம் இருந்ததாம். அப்பத்தா அடுத்து வளர்த்தது தெருவில் கிடந்த ஒரு செவலை. பெயர்கூட வைக்கவில்லை, "ஏ" என்றால் வரும். அடைகோழி அதன் வயிற்றோடு ஒட்டிப் படுத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.