தலைப்பில் இல்லாத பெயர்

கலிஃபோர்னியாவின் ஓசியானோ மணல்மேடுகளில் 1936ஆம் ஆண்டு எட்வர்ட் வெஸ்டன் எடுத்த நிர்வாண ஒளிப்படங்கள், ஒளிப்பட வரலாற்றில் தவறாது பேசப்படுபவை.

உச்சிவெயிலில் உருவப்படம் எடுப்பது கடினம். கண்குழியிலும் மோவாயின் கீழும் நிழல் கறுத்துவிடும். மணலோ தன்மேல் விழும் ஒளியைக் கீழிருந்து திருப்பி அனுப்பி அந்நிழலைத் தளர்த்துகிறது. விரித்த வெள்ளைத் துணி செய்யும் வேலைதான் அது. ஆனால் அதே ஒளியில் தோலும் மணலும் ஏறத்தாழ ஒரே சாயலாகிவிடும். உடலைப் பிரித்துக் காட்ட எஞ்சுவது, பெரும்பாலும், விளிம்பில் படியும் நிழல் மட்டுமே. வெஸ்டன் கையாண்டது 8×10 அங்குலப் படச்சுருள் தகடு. அதைப் பெரிதாக்காமல் தாளின்மேல் நேரடியாக வைத்துப் படியெடுத்ததால் மணலின் அலைவரிகளும் துலங்குகின்றன.

அம்மணலில் கிடப்பவர் காரிஸ் வில்சன். படங்களோ பெரும்பாலும் ‘நிர்வாணம், ஓசியானோ, 1936’ என்பது போன்ற பெயர்களாலேயே அறியப்பட்டன. தலைப்பில் இடமுண்டு, ஆண்டுண்டு, ஆள் இல்லை. ‘மாதிரி’ என்ற சொல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. குகன்ஹைம் நல்கையை முதன்முதலாகப் பெற்ற ஒளிப்படக் கலைஞர் என்று வெஸ்டனைப் புகழ்வோர், 1937இல் அந்த விண்ணப்பத்தை விரித்தெழுதியவர் காரிஸ் என்பதை அரிதாகவே குறிப்பிடுகின்றனர். அந்நல்கையின் பயனாக 1940இல் ‘கலிஃபோர்னியாவும் மேற்கும்’ நூல் வெளிவந்தது. படங்கள் வெஸ்டனுடையவை, உரை காரிஸுடையது.