தாமர்ல நாயக்கர் மரபு

17-ஆம் நூற்றாண்டில் விஜயநகர அரசின்கீழ், பழவேற்காட்டுக்குத் தெற்கே உள்ள கடற்கரையை ஆண்ட தெலுங்குப் பிரபுக் குலம். குலத்தலைவர் தாமர்ல சென்னப்ப நாயக்கர். மகன்களுள் வேங்கடாத்ரி வந்தவாசியிலும் ஐயப்பர் பூந்தமல்லியிலும் இருந்து ஆண்டனர். மற்றொரு மகன் அங்கபூபாலர் ‘உஷாபரிணயம்’ என்னும் தெலுங்குக் காவியத்தை இயற்றினார். பழவேற்காட்டில் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரருக்கும் சாந்தோம் போர்த்துகீசியருக்கும் ஓயாத பகை. அதைத் தணிக்க இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஐயப்பர் தந்தை பெயரால் சென்னப்பட்டணத்தை நிறுவினார் என்கிறது அக்காவியம். மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்ட 1639-இல் ஆங்கிலேயருக்கு அனுமதி அளித்தவர் வேங்கடாத்ரி. பிற்காலக் காளஹஸ்தி ஜமீன்தார்களும் இக்குலத்தவரே. ‘சென்னை’ என்ற பெயர் சென்னப்பரிடமிருந்து வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து.