பதில் சொல்லாத கண்ணாடி

1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போனது. பத்திரிகைத் துறைக்குள் அப்போதுதான் நுழைந்திருந்த நான், ஜாம் போத்தல் விளக்கின் முன் தட்டச்சுப் பொறியை வைத்துக்கொண்டு செய்தி எழுதப் பழகினேன். அந்த விளக்கில் தாளின் ஓரம் மட்டுமே தெரியும். எழுத்துக்களை விரல்களே அறிந்துகொண்டன. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா வகுத்த தமிழ் விசைப்பலகையில் 'நகரா விசை' என்றொரு ஏற்பாடு உண்டு. விசிறியையோ புள்ளியையோ தட்டினால் தாள் நகராது. அடுத்துவரும் மெய்யெழுத்தைத் தட்டும்போதுதான் நகரும். அந்தத் துள்ளல் இருந்ததா இல்லையா என்பதை வைத்தே, தட்டியது சரியா பிழையா என்று இருளிலும் தெரிந்துவிடும்.

அச்சுக்கூடத்தில் இருந்த மூத்த அச்சுக்கோப்பாளர் என்னைவிடப் பல மடங்கு தேர்ந்தவர். ஒவ்வொரு ஈய எழுத்தின் உடலிலும் ஒரு சிறு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். அதில் விரல் பட்டதும் எழுத்து நேராக நிற்கிறதா, தலைகீழாக நிற்கிறதா என்பது அவருக்குத் தெரியும். பேச்சுக் கொடுத்தபடியே பத்தி பத்தியாகக் கோத்து முடிப்பார்.

கருவி விரலுக்குச் சொல்லும் இந்தப் பதிலைப் பற்றி நான் சிந்திக்கத் தொடங்கியது மிக அண்மையில், அதுவும் ரொறன்ரோவிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பின் பின்னர்தான். அதனைப் பின்னர் சொல்கிறேன்.

கணினிகளின் தொடக்ககாலப் பொறியியலாளர்கள் இந்தப் பதிலின் பெறுமதியை நன்கு உணர்ந்திருந்தனர். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது தனியாள் கணினியை வெளியிட்டபோது, அதன் விசைப்பலகையில் ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் இருந்தது. விசையை அழுத்தும்போது வில் சுருங்கிச் சென்று, ஓரிடத்தில் திடீரெனப் பக்கவாட்டில் வளைந்து 'டக்' என்று ஒலிக்கும். எழுத்து பதிவாகும் கணமும் அதுவே. அதே ஆண்டில் பிரித்தானியாவில் சின்கிளேயர் நிறுவனம் இசட்.எக்ஸ். 81 என்ற மலிவுக் கணினியை விற்பனைக்கு விட்டது. அதில் எழும்பித் தாழும் விசை எதுவுமே கிடையாது. மின்கடத்தும் மை பூசிய இரண்டு பிளாஸ்ரிக் தாள்கள், அவற்றின் இடையே துளைகள் கொண்ட இன்னொரு தாள், அவ்வளவுதான். அழுத்தும் இடத்தில் இரு தாள்களும் தொட்டுக்கொள்ளும். விரலுக்கோ எதுவும் தெரியாது. தட்டிவிட்டுத் திரையை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

நெகிழும் பரப்புக்கும் தொடுகைக்கும் இடையிலான வழக்கு அன்றே தொடங்கிவிட்டது எனலாம். அதற்குப் பொறியியலாளர்கள் கண்ட எளிய தீர்வு, தாளின் கீழே கவிழ்த்த கிண்ணம் போன்ற மெல்லிய உலோகக் குமிழ் ஒன்றை வைப்பதாகும். அழுத்தினால் அது சட்டென்று உட்குழிந்து, விட்டதும் மீளும். பழைய கைத்தொலைபேசிகளில் கண்ணை மூடிக்கொண்டு குறுஞ்செய்தி அனுப்பிய தலைமுறைக்கு அந்தக் குமிழைத் தெரியாவிட்டாலும் அதன் துடிப்பைத் தெரியும்.

தொடுதிரையின் கதை இன்னும் பழையது. இங்கிலாந்தின் மால்வேர்ண் நகரில் அமைந்திருந்த அரச ரேடார் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்த ஈ. ஏ. ஜோன்சன் 1965இல் அதுபற்றிய முதற் கட்டுரையை வெளியிட்டார். 1970களில் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வுகூடத்தில், பிரமாண்டமான துகள்முடுக்கி ஒன்றின் கட்டுப்பாட்டறையில் எண்ணற்ற பொத்தான்களை நிரப்புவதற்குப் பதிலாக பென்ற் ஸ்ரம்ப் என்பவர் தொடுதிரையை அமைத்துக் கொடுத்தார். ஒரே கண்ணாடி, வேண்டிய வேளையில் வேண்டிய பொத்தான். பொருளாதார ரீதியில் இதனை வெல்ல எதனாலும் முடியாது. 2007இல் ஐபோன் அறிமுகமானதும் அந்தக் கண்ணாடி உலகத்தின் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்தது. இழந்தது என்னவென்று அப்போது கேட்டவர்கள் சொற்பம்.

கேட்டவர்களுள் பிளக்பெரி நிறுவனத்தாரும் அடங்குவர். 2008இல் அவர்கள் வெளியிட்ட ஸ்ரோம் என்ற தொலைபேசியில் முழுத் திரையுமே ஒரு பெரிய பொத்தானாக அழுந்தியது. அந்தப் பொறிமுறை பாவனையாளரின் பொறுமையைச் சோதித்ததேயன்றி வேறில்லை. அடுத்த ஆண்டே அதனைக் கைவிட்டு, திரையின் நான்கு மூலைகளிலும் அழுத்தமின் பொருட்களைப் பொருத்தினர். அழுத்தினால் மின்சாரம் பிறக்கும், மின்சாரம் பாய்ச்சினால் உருவம் மாறும் என்ற இப்பண்பினைப் படிகங்களில் 1880–81இல் கண்டறிந்தவர்கள் பியர் கியூரியும் அவரது தமையனார் ஜாக் கியூரியும் ஆவர்.

அந்தப் பண்பை விரலுக்காக முதன்முதலில் பெரிய அளவில் பயன்படுத்தியவர் தொலைபேசிக்காரர் அல்லர், ஒரு தகப்பன். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தின் மின்பொறியியல் பேராசிரியர் ஜோன் லின்வில்லின் மகள் கண்டி, குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். பிரெயில் நூல்களாக மாற்றப்பட்டவற்றை மட்டுமே அவரால் வாசிக்க முடிந்தது. ஜேர்மனியில், எழுத்துக்களைச் சிறு சுத்தியல்களால் விரைந்து அச்சடிக்கும் பொறியொன்றைப் பார்த்த லின்வில், அந்தச் சுத்தியல்களின் இடத்தில் விரலை வைத்தால் எழுத்தை உணரலாமே என்று எண்ணினார். அதிலிருந்து பிறந்ததுதான் ஒப்ராக்கன். ஒரு கையால் சிறு கமெராவை அச்சடித்த வரியின்மேல் நகர்த்த, மறு கையின் சுட்டுவிரலின் கீழே 24 வரிசையில் ஆறு ஆறாக 144 நுண்ணூசிகள் எழுத்தின் வடிவிலேயே அதிர்ந்தன. 1971இல் விற்பனைக்கு வந்தது. சாதாரணப் புத்தகத்தை, கடிதத்தை, பத்திரிகையைப் பிறர் உதவியின்றிப் பார்வையற்றோர் வாசித்தனர். கண்டி உளவியலில் கலாநிதிப் பட்டமும் பெற்றார். எழுத்துணரிகளும் பேசும் கணினிகளும் பரவியபின், 1996இல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. பேசும் பொறி விரைவானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் எழுத்தின் வடிவத்தை அது சொல்லாது. ஒரு பத்திரிகைக்காரனாக அந்த இழப்பு எனக்குப் பெரிதாகவே படுகிறது.

தோலின் ஆழத்தே உள்ள ஒருவகை நரம்புமுனைகள் வினாடிக்கு 200 முதல் 300 வரையிலான அதிர்வுகளுக்கு மிகக் கூர்மையாகச் செயற்படுபவை. மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கிற்கும் குறைவான அசைவே அவற்றுக்குப் போதுமானது. இன்றைய கருவிகள் அனைத்தும் விரலை ஏமாற்றுவது இவ்விடத்தில்தான். 2015இல் அப்பிள் மடிக்கணினியில் வந்த தொடுபலகை கீழே அழுந்துவதேயில்லை. பக்கவாட்டில் ஒருமுறை நடுங்குகிறது, விரலோ அழுந்தியதாக நம்பிவிடுகிறது. மறு ஆண்டு வந்த ஐபோன் 7இன் பொத்தானும் அத்தகையதே. தொலைபேசியை அணைத்துவிட்டு அதனை அழுத்திப் பாருங்கள், வெறும் கல்.

இந்த உபாயம் விறைப்பான கண்ணாடிக்குச் சரி. ஒரு மூலையில் சிறு பொறி நடுங்கினால் முழுக் கண்ணாடியும் நடுங்கும். நெகிழும் தாளில் நடப்பது வேறு. அதிர்வு அந்தத் தாளிலேயே தேய்ந்து மடிந்துபோகும், மடிப்பைத் தாண்டாது. 2019இல் சம்சுங் நிறுவனத்தின் மடிக்கும் தொலைபேசி சந்தைக்கு வந்தபோது திரை நெகிழக் கற்றுக்கொண்டதே தவிர, விரலுக்குப் பதில் சொல்லக் கற்றிருக்கவில்லை. பதில் தாளுக்குள்ளேயே பிறக்க வேண்டும். ஜப்பானியரான ஹெய்ஜி கவாய் 1969இல் ஒருவகை பிளாஸ்ரிக் படலத்தில் வலுவான அழுத்தமின் பண்பைக் கண்டுபிடித்தமையால் இதற்கு ஒரு வழி உண்டு. படலம் மெல்லியது, ஒளிபுகக்கூடியது, நெகிழ்வது. குறை என்னவெனில், அதன் விசை சிறிது. அதனை அசைக்க வேண்டிய மின்னழுத்தமோ பெரிது.

வேறு வழிகளையும் தேடினார்கள். விளக்கு எரியும்போது அதன் பித்தளைத் தாங்கி விரலுக்கு வேறுவிதமாக உரசுவதைக் கவனித்த எட்வர்ட் மலின்க்ரொட், 1953இல் அதுபற்றி எழுதினார். அந்த மின்னுராய்வை 2010இல் டிஸ்னி ஆய்வாளர்கள் தொடுதிரைக்குக் கொண்டுவந்தனர். விரல் நகரும்போது மட்டுமே அது தெரியும். அழுத்தும் விரலுக்குப் பயனில்லை. கலிபோர்னியாவின் ரக்ரஸ் நிறுவனம் 2012இல் காட்டியது எனக்கு மிகவும் பிடித்தமானது. திரைமேல் ஒளிபுகும் நெகிழ்தாள், அதன் நுண்குழாய்களில் திரவம். திரவத்தைத் தள்ளினால் மெய்யான பொத்தான்கள் மேலெழும், இழுத்தால் மறையும். செய்தியைப் படித்தபோது உலகம் மாறப்போகிறது என்று நினைத்தேன். மாறவில்லை.

இது வெறும் சௌகரியத்தின் கதையன்று. 2017 ஓகஸ்ட் 21ஆம் திகதி சிங்கப்பூருக்கு அருகே அமெரிக்கப் போர்க்கப்பலான ஜோன் எஸ். மக்கெய்ன் எண்ணெய்க் கப்பலொன்றுடன் மோதியதில் பத்து மாலுமிகள் உயிரிழந்தனர். பயிற்சிக் குறைபாடுகளோடு, கப்பலைச் செலுத்தும் தொடுதிரைகள் ஏற்படுத்திய குழப்பமும் விசாரணையில் வெளிவந்தது. 2019இல் அமெரிக்கக் கடற்படை, வேகக் கட்டுப்பாட்டுக்குக் கையால் தள்ளும் பழைய நெம்புகோல்களையே மீண்டும் பொருத்தத் தீர்மானித்தது.

இனி ரொறன்ரோ அழைப்புக்கு வருகிறேன். அழைத்தவர், தொண்ணூறுகளில் ஷெல் வீச்சில் இரு கண்களையும் இழந்த என் நண்பர். கைத்தொலைபேசி அவருக்குப் பேசுகிறது. அதில் அவருக்குக் குறையில்லை. அவருடைய குடியிருப்பில் பழைய அடுப்புகளை அகற்றிவிட்டுக் கண்ணாடிப் பரப்புள்ளவற்றைப் பொருத்தியிருக்கிறார்கள். முன்பு குமிழைத் திருகினால் எத்தனை 'டிக்' என்று எண்ணிச் சூட்டை வைப்பார். இப்போது வழுவழுப்பான கண்ணாடி. தடவிப் பார்த்தாலே ஏதோவொன்று எரியத் தொடங்கிவிடுகிறது. மனைவி வேலைக்குப் போன பின்னர் ஒரு தேநீர் வைத்துக் குடிக்க முடியவில்லை என்றார்.

இரண்டு வாரம் கழித்து மீண்டும் அழைத்தார். குரலில் ஒரு துள்ளல். மனைவியின் ஒட்டுப்பொட்டுகளை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாராம். அடுப்பை மூட்டும் இடத்தில் ஒன்று, அணைக்கும் இடத்தில் இரண்டு, சூட்டைக் கூட்டும் இடத்தில் கல் வைத்த பெரிய பொட்டு.

"மச்சான், கல்லுப் பொட்டுத்தான் நல்லா நிக்குது. மற்றதெல்லாம் துடைக்கத் துடைக்க உரிஞ்சு போகுது. அடுத்த முறை கொழும்பாலை ஆரும் வந்தால் ரெண்டு அட்டை குடுத்துவிடு."

வெள்ளவத்தையில் வாங்கி வைத்திருக்கிறேன். போகிறவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.