தொப்பூர் ஏற்றமும் டாட்ஜ் கிங்ஸ்வேயும்: தருமபுரி வட்டாரச் சாலைகளில் ஓர் அமெரிக்கப் பெருங்காரின் வரலாறு

தருமபுரிக்கு ரயில் வந்தது, போனது, மீண்டும் வந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டைக் கணக்கில் கொள்ளாமல் இந்த வட்டாரத்தின் மோட்டார் வரலாற்றை எழுத முடியாது. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906இல் இரண்டரை அடி அகலக் குறும்பாதை போடப்பட்டது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1941இல், அந்தப் பாதை மூடப்பட்டது. திருப்பத்தூர் – கிருஷ்ணகிரி குறும்பாதை அதற்கு முன்பே, 1936இல், நின்றுபோயிருந்தது. சேலம் – பெங்களூர் மீட்டர் பாதை தருமபுரி வழியாக வந்து சேர்ந்தது 1960களின் இறுதியில்தான். அதுவரை பெரிய ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் சுமார் 30 கிலோமீட்டர் சாலைவழியே மொரப்பூருக்குப் போயாக வேண்டும். சேலத்துக்கோ பெங்களூருக்கோ நேராகப் போவதென்றால் பஸ், இல்லையென்றால் வாடகைக் கார்.

அமெரிக்கப் பெருங்கார்கள் இந்தியச் சாலைகளில் செழித்திருந்த காலமும் இந்த இடைவெளியும் ஏறத்தாழ ஒன்றோடொன்று பொருந்துகின்றன. பிளிமத், டாட்ஜ், செவர்லே போன்ற வண்டிகளைப் பற்றி இன்று எழுதுவோர் பெரும்பாலும் ஜமீன்தார்களையும் சினிமா நட்சத்திரங்களையும் முன்னிறுத்துகிறார்கள். அது பாதிக் கதை. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் இவை ஆள் ஏற்றிச் சம்பாதித்த வண்டிகள். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் ஓடிய 'பிளசர்'கள். அவற்றின் திறனை நெடுஞ்சாலை வேகத்தால் அளப்பது பொருந்தாது. ஏற்றத்தாலும் பாரத்தாலும் அளக்க வேண்டும். அவை மறைந்ததற்குக் காரணம் எந்திரக் கோளாறு அல்ல, கொள்கையும் பெட்ரோலும்தான். இக்கட்டுரை நிறுவ முயல்வது இதையே. எடுத்துக்கொள்ளும் வண்டி டாட்ஜ் கிங்ஸ்வே.

ஒரே உடம்பு, மூன்று பெயர்

வால்டர் கிரைஸ்லர் தம் பெயரில் நிறுவனம் தொடங்கியது 1925இல். 1928ஆம் ஆண்டின் ஒரே கோடைக்காலத்தில் அவர் மூன்று காரியங்களைச் செய்தார். மலிவு விலைக்கு பிளிமத் என்ற பெயரையும் நடுத்தர விலைக்கு டிசோட்டோ என்ற பெயரையும் அறிமுகப்படுத்தினார். நன்கு காலூன்றியிருந்த டாட்ஜ் சகோதரர்கள் நிறுவனத்தை விலைக்கு வாங்கினார். அமெரிக்காவில் இந்தப் பெயர்கள் படிநிலைகளாக நின்றன. அடியில் பிளிமத், அதற்கு மேல் டாட்ஜ், பிறகு டிசோட்டோ, உச்சியில் கிரைஸ்லர்.

ஏற்றுமதிக்கு வந்தபோது இந்தப் படிநிலை பெரும்பாலும் முகப்பு அலங்காரமாகச் சுருங்கிவிட்டது. டாட்ஜ் கிங்ஸ்வே என்பது பிளிமத்தின் உடம்பில் டாட்ஜ் முகப்பு பொருத்தியது. டிசோட்டோ டிப்ளமாட் என்பதும் அவ்வாறே. கதவு, கண்ணாடி, என்ஜின், கியர்பெட்டி எல்லாம் பிளிமத்துடையவை. பெயரைப் பார்த்து மதிப்பவருக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். வண்டி வைத்துப் பிழைப்பவருக்கோ பெரிய வசதி: ஒரு பெயர் வண்டியின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். இந்தியாவில் இந்த வண்டிகள் இத்தனை காலம் உயிரோடிருந்ததற்கு முதற்காரணமாக நான் கருதுவது இதைத்தான்.

இவை இங்கு வந்த வழியில் அரசியலும் உண்டு. ஃபோர்டு 1926இலும் ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலும் இந்தியாவில் கால் பதித்தன. ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் செவர்லேக்களைப் பூட்டி விற்றது, மதுரையின் டி.வி.எஸ். நிறுவனம் அவற்றைத் தெற்கில் பரப்பியது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளிநாட்டுக் கம்பெனிகள். நம்மவர் கையில் ஒரு கார்த் தொழிற்சாலை வேண்டும் என்று 1930களிலேயே திட்டம் வகுத்தவர் பொறியாளர் விசுவேசுவரய்யா. அதைக் கையிலெடுத்த தொழிலதிபர் வால்சந்த் ஹீராசந்த் போர் தொடங்கிய சமயத்தில் கிரைஸ்லருடன் பேச்சு நடத்தினார். ஆங்கிலேய அரசு ஒத்துழைக்கவில்லை. 1944இல்தான் அவரது பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் உருவானது. 1947இல் பம்பாய் குர்லா ஆலையிலிருந்து டாட்ஜ், பிளிமத் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. சுதந்திரம் வந்த அதே ஆண்டில் இந்திய முதலாளி ஒருவரின் ஆலையிலிருந்து வந்த கார் என்பதால், டாட்ஜை வெறும் அந்நியச் சரக்கு என்று ஒதுக்குவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

திறன் என்பது எது

1949 முதல் 1952 வரையிலான பிளிமத் குடும்பத்து வண்டியின் என்ஜின், 217.8 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 3.6 லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். நிமிடத்துக்கு 3,600 சுற்றில் 97 குதிரைத்திறன். இந்த எண்ணை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. அதே காலத்தில் அமெரிக்காவிலேயே இதைவிட வேகமான வண்டிகள் பல இருந்தன. பார்க்க வேண்டிய எண் வேறு. இந்த என்ஜினின் முழு இழுவிசை, 237 நியூட்டன் மீட்டர், வெறும் 1,200 சுற்றிலேயே கிடைத்துவிடும். என்ஜின் அலறத் தேவையில்லை. வண்டி மெதுவாக உருளும்போதே முழுப் பலமும் சக்கரத்துக்கு வந்துவிடும்.

இதன் பொருள் தொப்பூர் கணவாயில் விளங்கும். சேலத்திலிருந்து வரும் சாலை அங்கேதான் சமவெளியை விட்டுத் தருமபுரி மேட்டுநிலத்துக்கு ஏறுகிறது. ஏற்றம் அத்துடன் முடிவதில்லை; கிருஷ்ணகிரி தாண்டி ஓசூரை அடையும்போது கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேல் வந்திருப்போம். முன்னும் பின்னும் சோபா போன்ற நீள இருக்கைகள், அதில் நெருக்கி அமர்ந்த ஆட்கள், பின்பெட்டியில் சீர்வரிசைப் பாத்திரங்கள் என்று போகும் வண்டிக்கு இந்த ஏற்றத்தில் வேண்டியது நிதானமான இழுப்பு. ஸ்டியரிங் தண்டிலேயே இருந்த மூன்று கியரில் இரண்டாவதைப் போட்டுவிட்டால் கைவைக்காமல் ஏறக்கூடிய வண்டி இது. முதல் கியரில் சிங்க்ரோ கிடையாது. ஓட்டத்தில் அதற்கு இறக்குவதென்றால் டபுள் கிளட்ச் போடத் தெரிந்த கை வேண்டும். இரண்டாவதிலேயே சமாளிக்க முடிந்தது அதனால் பெரிய ஆறுதல். பின்னர் வந்த அம்பாசடரின் என்ஜின் 1,489 சி.சி., ஃபியட்டினுடையது 1,089 சி.சி. அவை அதே மேட்டில் கியரை மாற்றி மாற்றி, என்ஜினைச் சுழற்றித்தான் ஏற வேண்டியிருந்தது.

இறக்கம் வேறு சோதனை. இன்றும் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லாரிகள் மோதும் செய்தி வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒன்றரை டன்னை நெருங்கும் டாட்ஜுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஆனால் ஹைட்ராலிக் பிரேக். பிளிமத் 1928இல் பிறந்தபோதே மலிவு விலைக் காரில் இது இருந்தது. விடாமல் மிதித்தால் டிரம் சூடேறிப் பிடிப்பு குறையும் என்பதால், ஏறிய கியரிலேயே இறங்குவது ஓட்டுநர்களின் பாடமாயிற்று.

இனி உள்ளே பார்ப்போம். இந்த என்ஜினில் வால்வுகள் தலையில் இல்லை. சிலிண்டருக்குப் பக்கத்தில், பிளாக்கிலேயே நிற்கின்றன. மேலே இருப்பது சட்டிக்கு மூடி போட்டதுபோல ஒரு தட்டையான வார்ப்பிரும்புத் தலை. போல்ட்டுகளைக் கழற்றித் தலையைத் தூக்கினால் ஆறு பிஸ்டனும் பன்னிரண்டு வால்வும் கண்முன்னே வெட்டவெளியாகத் தெரியும். கரி சுரண்டி, அங்கேயே வால்வைச் சாணைப்பசை தடவித் தேய்த்து உட்கார வைத்து, புது கேஸ்கெட் போட்டு மூடிவிடலாம். டேப்பட் இடைவெளியைச் சரிபார்க்க, முன்சக்கரத்தைக் கழற்றி உட்புறத் தகட்டை நீக்கினால் வழி கிடைக்கும். கம்ப்ரெஷன் 7க்கு 1தான் என்பதால் மட்டமான பெட்ரோலையும் தாங்கியது. கோடையில் பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி நின்றால் ஈரச் சாக்கைச் சுற்றுவது அந்நாளைய கைவைத்தியம். கம்பெனி சர்வீஸ் நிலையம் தேடிப் போகத் தேவையில்லாத வண்டி, சாலையோர ஷெட்டையும் சேலத்து லேத்தையும் நம்பி ஓடக்கூடியது. பாரம் கூடினால் பின்பக்க ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு பட்டை கூட்டிப் போட்டால் போதும்.

உயரமான கூரையும் இங்குள்ளவர்களுக்கு ஏற்றதாக அமைந்தது. 1935 முதல் 1950 வரை கிரைஸ்லர் தலைவராயிருந்த கே.டி. கெல்லர், தொப்பி அணிந்தவர் தொப்பியோடு உட்கார வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். தாழ்ந்து நீண்ட அழகுக்கு மயங்கத் தொடங்கிய அமெரிக்கச் சந்தையில் அது கம்பெனிக்கு நஷ்டம். 1954இல் பிளிமத் தன் மூன்றாம் இடத்தைப் பறிகொடுத்து ஐந்தாம் இடத்துக்குச் சரிந்ததற்கு அந்தப் பெட்டி வடிவமும் ஒரு காரணம் என்பார்கள். தலைப்பாகை கட்டிய கவுண்டருக்கும் மடியில் கூடை வைத்த அம்மாவுக்கும் அதே கூரைதான் வசதியாக இருந்தது.

விலக்கியது யார்

1953இல் இந்தியச் சுங்கத் தீர்வை ஆணையம் பரிந்துரைத்த கொள்கை தெளிவானது: உதிரிகளை வரவழைத்துப் பூட்டுவது மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே தயாரிக்கும் திட்டமுள்ளவர்களுக்கே இடம். ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. பிரீமியர் இந்திய நிறுவனம் என்பதால் தங்கியது. ஆனால் அது ஃபியட்டுடன் 1950களின் தொடக்கத்திலேயே கைகோத்திருந்தது. 1957இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் நாட்டுக்கு வேண்டியிருந்தது குறைந்த எஃகில், குறைந்த பெட்ரோலில் ஓடும் வண்டி. ஃபியட் 1100 வளர்ந்தது, கிங்ஸ்வே தேய்ந்தது. கிரைஸ்லரின் டாட்ஜ், ஃபார்கோ பெயர்கள் லாரிகளில் மட்டும் நீடித்தன. அமெரிக்காவிலும் டிசோட்டோ 1960இல் நிறுத்தப்பட்டது. பிளிமத் 2001 வரை தாக்குப்பிடித்தது.

ஜெனரல் மோட்டார்ஸ் வெளியேறிய பின் நாட்டுக்குள் வந்த செவர்லே இம்பாலா வேறு ரகம். 1959 இம்பாலாவின் நீளம் 5.36 மீட்டர், அகலம் 2 மீட்டருக்கும் சற்று மேல். 1965இல் அமெரிக்காவில் ஒரே ஆண்டில் 10 லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி, இங்கே திரையிலும் செல்வந்தர் வாசலிலும் நின்றது. தொப்பூர் மலைப்பாதையோ பென்னாகரம் சாலையோ அதற்கு உரிய களம் அல்ல. பெருங்கார் என்றதும் இம்பாலாவையே நினைக்கும் வழக்கம்தான் கிங்ஸ்வேயின் உழைப்பை மறைத்துவிட்டது.

தொடர்ந்து ஓடிய கிங்ஸ்வேக்களுக்கு எமனாக வந்தது பெட்ரோல் செலவு. லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் கிடைத்தாலே நல்ல ஓட்டம் என்ற வண்டி, 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வாடகைக்குக் கட்டுபடியாகவில்லை. பலர் ஆறு சிலிண்டரை இறக்கிவிட்டு, சென்னை சிம்சன் தயாரித்த பெர்க்கின்ஸ் போன்ற டீசல் என்ஜினை ஏற்றினார்கள். சத்தமும் அதிர்வும் கூடின, ஆயுளும் கூடியது. இன்று பழைய கார் சேகரிப்பவர்கள் இதைச் சிதைப்பு என்கிறார்கள். என் முடிவு வேறு. என்ஜின் மாறியும் சேசிஸும் உடம்பும் மேலும் பல ஆண்டுகள் பாரம் சுமந்தன என்றால், அந்த வடிவமைப்பின் உறுதிக்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1965 அக்டோபர் 2இல் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. 1980இல், அன்று அதே மாவட்டத்தில் இருந்த ஓசூரில், அசோக் லேலண்டும் டி.வி.எஸ். மொபெட் ஆலையும் உற்பத்தியைத் தொடங்கின. ஓசூர் தொழிற்பேட்டையின் வரலாறு விரிவாக எழுதப்படுகிறது. அதற்கு முந்தைய வாடகைக் கார் உழைப்பின் வரலாறும் எழுதப்பட வேண்டும். 1939 மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் பதிந்த ஆர்.சி. புத்தகங்கள், பெர்மிட் நகல்கள், ஷெட் கணக்கு நோட்டுகள் இன்னும் சில வீட்டுப் பரண்களில் இருக்கலாம். அந்த வண்டிகளை ஓட்டியவர்களும் கழற்றிப் பூட்டியவர்களும் எண்பதைத் தாண்டிய வயதினர். பெரியார் பல்கலைக்கழகத்தின் தருமபுரி மையத்து ஆய்வு மாணவர்கள் இவர்களை இந்த ஆண்டே தேடிப் போய்ப் பேச்சைப் பதிவுசெய்ய வேண்டும். வீட்டில் இத்தகைய காகிதம் வைத்திருப்பவர்கள் பழைய பேப்பருக்குப் போடாமல் அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.